உங்களுக்குத் தெரியுமா? காலில் புடைக்கும் நாளங்கள்

★ உங்கள் மணிக்கட்டைத் திருப்பிப் பாருங்கள். நீலமாகவோ பச்சையாகவோ ஓடும் கோடுகளுக்குள் நீல இரத்தம் ஒரு துளியும் இல்லை. ஒட்சிசன் குறைந்த இரத்தம் கடுஞ்சிவப்பு, அவ்வளவுதான். தோலில் விழும் வெளிச்சத்தில் சிவப்புக் கதிர் ஆழமாக இறங்கி நாளத்தால் உறிஞ்சப்படுகிறது. நீலக் கதிரோ மேலோடு சிதறித் திரும்பிவிடுகிறது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் நீலமாகத் தெரிவது அதனால்தான். எங்கள் மாநிறத்திலும் கறுப்பிலும் இந்த நீலம் பல வேளை கண்ணில் படாது. வெள்ளைக்காரக் கால்களின் படங்களைப் பார்த்து "எனக்கு அப்படி இல்லை" என்று ஆறுதல் அடையவேண்டாம். நின்றபடி கெண்டைக்காலைத் தடவிப் பாருங்கள். மேடு கைக்குத் தட்டுப்படும்.

★ ஊரில் "நரம்பு சுருட்டிப்போட்டுது" என்போம். சுருள்வது நரம்பல்ல, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம். வைத்தியர்கள் நாளப் புடைப்பு என்று எழுதுவார்கள். கிளினிக் வாங்கிலில் இருப்பவர்கள் வெரிக்கோஸ் என்பார்கள். மூன்றும் ஒன்றுதான்.

★ தெரிகிற நாளமெல்லாம் நோயல்ல. பனையேறிச் சீவுபவரின் முழங்கையையும் காலையும் பாருங்கள்: கயிறு கயிறாக நாளங்கள் எழும்பி நிற்கும். கொழுப்புக் குறைந்த, உழைத்து இறுகிய உடம்பில் அது இயல்பு. சித்திரை, வைகாசி வெயிலில் எல்லோருக்குமே நாளங்கள் கொஞ்சம் விரியும். உடம்பு சூட்டை வெளியேற்றும் வழிகளில் அதுவும் ஒன்று. நேராக ஓடுகிற, படுத்துக் காலைத் தூக்கினால் வற்றுகிற, நோவோ வீக்கமோ இல்லாத நாளத்துக்குப் பயப்பட ஒன்றுமில்லை. வளைந்து நெளிந்து, முடிச்சு முடிச்சாக நிற்பதுதான் நாளப் புடைப்பு.

★ வைத்தியர்கள் அகலத்தை வைத்துத்தான் பெயர் சொல்வார்கள். 1 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சிலந்தி நாளம். 1 முதல் 3 வரை வலை நாளம். நிற்கும்போது 3 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் புடைப்பு. சிலந்தி நாளம் பெரும்பாலும் அழகுப் பிரச்சினை மட்டுமே. அதற்காக நகையை அடகு வைக்கவேண்டாம்.

★ நிற்கும்போது உங்கள் கணுக்கால் நாளத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 80 முதல் 90 மில்லிமீற்றர் இரசம். இதயத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கும் இரத்தத்தின் பாரம் அது. நடக்கத் தொடங்கினால் சில அடிகளுக்குள் 30க்குக் கீழே இறங்கிவிடும். கெண்டைத்தசை ஒவ்வொரு தரம் சுருங்கும்போதும் ஆழத்து நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய இரத்தம் கீழே விழாமல் தடுப்பவை நாளத்துக்குள் இருக்கும் சிறிய அடைப்பிதழ்கள். சைக்கிள் ரியூப்பின் வால்கட்டை போல, ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. அந்த இதழ்கள் ஒட்டாமல் போனால் இரத்தம் கீழ்நோக்கிக் கசியும், நாளம் விரியும், விரிந்ததால் இதழ்கள் இன்னும் விலகும். நோயின் கதை முழுவதும் இவ்வளவுதான். மீதியெல்லாம் அதன் விளைவு.

இந்தப் பத்தியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் இதுதான்: காலுக்கு எதிரி உழைப்பல்ல, அசையாமல் நிற்பதும் அசையாமல் இருப்பதும்.

★ அந்த இதழ்களை நீங்களே கண்டுகொள்ளலாம். கையைச் சற்றுத் தொங்கவிட்டுப் புறங்கையில் நீளமாகத் தெரியும் ஒரு நாளத்தைத் தேர்ந்தெடுங்கள். விரல் பக்கத்து முனையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற விரலால் நாளத்தை மணிக்கட்டுப் பக்கமாக வழித்துவிட்டு எடுங்கள். இடையில் இதழ் இருந்தால் வழித்த பகுதி வெறுமையாகவே கிடக்கும். மேலேயிருந்து இரத்தம் திரும்பி வராது. அழுத்திய விரலை எடுத்தவுடன் கீழிருந்து நிரம்பும். இத்தாலியின் பதுவா நகரில் பப்ரிசியஸ் இந்த இதழ்களைப் பற்றி 1603இல் நூல் வெளியிட்டார். அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி 1628இல் இரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று நிறுவியபோது காட்டிய சாட்சிகளில் இந்த விரல் வேலையும் ஒன்று. ஆசிரியர் இதழைக் கண்டார். அது எதற்கு என்று சரியாகச் சொன்னவர் மாணவர்.

★ உடம்பிலேயே மிக நீளமான நாளம் காலில்தான் இருக்கிறது. பெரிய சபீனஸ் நாளம் என்று பெயர். உட்பக்கக் கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னால் தொடங்கி, முழங்காலின் உட்புறமாக ஏறி, கவட்டில் ஆழத்து நாளத்தோடு சேர்கிறது. காலில் தெரியும் புடைப்புகளில் பெரும்பகுதி இதிலிருந்தும் இதன் கிளைகளிலிருந்தும் வருபவை. கெண்டைக்காலின் பின்பக்கம் புடைத்தால் சிறிய சபீனஸ் மேல் சந்தேகப்படலாம்.

★ அந்த நீள நாளம் இதயத்தைக் காப்பாற்றவும் போகும். ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த ரெனே பவலோரோ 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், அடைபட்ட இதய நாடிக்கு மாற்றுவழியாகக் காலின் சபீனஸ் நாளத்தை வைத்துத் தைத்தார். பைபாஸ் செய்தவர்களின் காலில் நீளத் தழும்பு இருப்பது இதனால்தான். நாளத்தைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைப்பார்கள். இல்லையென்றால் உள்ளிருக்கும் இதழ்கள் இரத்தத்தை மறித்துவிடும். "அதை எடுத்தால் கால் என்னாகும்?" என்று கேட்பவர்களுக்கு: காலின் இரத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ஆழத்து நாளங்கள் வழியாகத்தான் திரும்புகிறது. மேல் நாளம் போனால் கால் சமாளித்துக்கொள்ளும். புடைத்த நாளத்தை அடைத்துவிடும் வைத்தியம் எப்படிச் சாத்தியம் என்பதற்கும் இதுவே பதில்.

★ ஒட்டகச்சிவிங்கிக்கு நாளப் புடைப்பு வரவேண்டும் என்றுதான் கணக்குச் சொல்லும். அவ்வளவு உயரம், அவ்வளவு அழுத்தம். ஆனால் அதன் கால்களில் வீக்கம்கூட இல்லை. கால் தோல் அவ்வளவு தடிப்பு, அவ்வளவு இறுக்கம். உள்ளே நீர் தேங்க இடம் கொடுக்காது. போர் விமானிகளின் அழுத்த உடையை இதற்கு உவமை சொல்வார்கள் விஞ்ஞானிகள்.

★ மனிதனுக்கு அந்தத் தோலைச் செய்து கொடுத்தவர் ஒரு பொறியியலாளர். கொன்ராட் ஜொப்ஸ்ற் ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், தொலீடோ நகரில் வாழ்ந்தவர். அவருக்கே கடுமையான நாள நோய். நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால் நோவு குறைவதைக் கவனித்தார். ஏன் என்று யோசித்தார். தண்ணீர் ஆழத்துக்கு ஏற்பக் காலை அழுத்துகிறது: அடியில் கூட, மேலே போகப்போகக் குறைவு. உள்ளே இரத்தத்தின் பாரமும் அதே கணக்கில்தான் ஏறுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. கணுக்காலில் இறுக்கம் கூடவும் மேலே போகப்போகத் தளரவும் செய்யும் காலுறையை 1950 அளவில் அவர் உருவாக்கினார். இன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும் அழுத்தக் காலுறைகள் எல்லாம் அந்த யோசனையின் பிள்ளைகள்.

எங்களுக்குக் கீரிமலை இருக்கிறது. கேணியில் ஒரு மீற்றர் ஆழத்தில் காலை வைத்து நின்றால் பாதத்தின் மேல் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறக்குறைய 73 மில்லிமீற்றர் இரசம். வைத்தியர் எழுதித் தரும் நடுத்தரக் காலுறையின் அழுத்தம் 20 முதல் 30. காரைநகர் கசூரினாக் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் அரை மணி நேரம் நடப்பது கெண்டைத்தசைக்கு வேலை, நாளத்துக்கு வெளியிலிருந்து தாங்கல், இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கிறது. ஆனால் காலில் திறந்த புண் இருந்தால் கேணியும் வேண்டாம், கடலும் வேண்டாம்.

★ காலுறை போடுவதற்கு ஒரு நேரம் உண்டு. காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன், கால் வீங்குமுன் போடவேண்டும். மத்தியானம் வீங்கிய காலில் இழுத்து ஏற்றினால் உபத்திரவம்தான் மிச்சம். மேல் விளிம்பு சுருண்டு கீழே இறங்கவும் விடக்கூடாது. சுருண்ட விளிம்பு கயிறு கட்டியது போல இரத்தத்தை மறித்துவிடும். வைகாசி வெயிலில் அதைப் பகல் முழுவதும் போட்டுக்கொண்டிருப்பது லேசான காரியமல்ல என்பதையும் சொல்லித்தானாக வேண்டும். வாங்கி அலுமாரியில் வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

★ நீரிழிவுக்காரரும் சுருட்டோ சிகரெட்டோ பிடிப்பவரும் தாங்களாகக் காலுறை வாங்கிப் போடவே கூடாது. அவர்களுக்குக் கால் நாடி, அதாவது இரத்தத்தைக் கீழே கொண்டுவரும் குழாய், சுருங்கியிருக்கலாம். அதன் மேல் இறுக்கினால் விரல்கள் கறுக்கும். பாதத்தின் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்த்து, தேவையென்றால் காலிலும் கையிலும் பிரஷர் அளந்து ஒப்பிட்ட பிறகுதான் வைத்தியர் காலுறை எழுதுவார். தீவிரமான விஷயம், ஆகவே அழுத்திச் சொல்கிறேன்.

★ கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளிலும் யாழ்ப்பாண நகரத்துப் புடைவைக் கடைகளிலும் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பண்டிகைக் காலத்தில் காலை தொடங்கிக் கடை பூட்டும்வரை நிலை. வாடிக்கையாளருக்குக் கதிரை உண்டு, விற்பவருக்கு இல்லை. வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நிற்பதோ நடப்பதோ ஆன தொழிலாளரை டென்மார்க்கில் பன்னிரண்டு வருடம் பின்தொடர்ந்து 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாளப் புடைப்புக்காக வைத்தியசாலையில் சேரும் வாய்ப்பு அவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு.

இந்தக் கதிரைக்குப் பெரிய வரலாறு உண்டு. பிரித்தானியா 1899இலேயே கடைகளில் மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை என்று சட்டம் போட்டது. கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள், விஜி என்பவரின் பெண்கூட்டு அமைப்போடு சேர்ந்து வருடக்கணக்காகப் போராடி 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வைக்கவேண்டும் என்றது. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் 2010இல் வந்தது. அது காட்டிய சென்னை ரங்கநாதன் தெருவின் நிலைக்கால்களை அன்றே ஊர் முழுக்கப் பார்த்தாயிற்று. சட்டத்துக்கு இன்னும் பதினொரு வருடம் பிடித்தது. எங்கள் கடை முதலாளிமார் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு பிளாஸ்ரிக் கதிரையின் விலை என்னவென்று அவர்களுக்கே தெரியும்.

★ ஆசிரியர், தாதி, பொலிஸ், சலூன்காரர், சமையற்காரர், சந்தையில் நின்று விற்பவர்: நிலை வேலைக்காரர் பட்டியல் நீளம். நிற்கத்தான் வேண்டுமென்றால் குதிக்காலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள். கால் மணிக்கொரு தடவை இருபது தரம் போதும். பலகைக்கு முன்னால் நின்று படிப்பிக்கும்போதே செய்யலாம், பிள்ளைகள் கவனிக்கமாட்டார்கள். கவனித்தால் அவர்களையும் செய்யச் சொல்லுங்கள்.

★ நல்லூர்த் திருவிழா 25 நாள். பூசைக்கு அசையாமல் நிற்பதைவிட வீதி சுற்றுவது காலுக்கு நல்லது. முருகனுக்கும் அதில் ஆட்சேபம் இருக்காது.

★ இது பெண்களின் நோய் என்று நினைக்கிறீர்களா? ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் 18 முதல் 64 வயதுவரையான சாதாரண மக்களை அழைத்துக் காலைப் பரிசோதித்தார்கள். 1999இல் வெளியான முடிவு: பெரிய நாளப் புடைப்பு ஆண்களில் 40 வீதம், பெண்களில் 32 வீதம். கிளினிக்கில் பெண்கள் கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம் அவர்கள் காட்ட வருவது. ஆண்கள் சாரத்தையோ காற்சட்டையையோ கீழே இறக்கிவிட்டுத் திரிகிறார்கள்.

★ அதே எடின்பரோ ஆய்வு இன்னொன்றும் சொன்னது: புடைப்பின் பருமனுக்கும் கால் உளைவுக்கும் பெரிய தொடர்பில்லை. கயிறு போல நாளம் உள்ளவருக்கு ஒரு நோவும் இருக்காது. ஒன்றுமே தெரியாத காலில் பின்னேரமானால் பாரமும் உளைவும். இரவில் கெண்டை பிடிப்பதெல்லாம் நாளத்தால் என்று முடிவுகட்டவேண்டாம். முதுகெலும்பு, மூட்டு, நீரிழிவு, குடிக்கும் மாத்திரைகள் என்று வேறு காரணங்கள் எத்தனையோ. நாளத்தால் வரும் உளைவுக்கு ஓர் அடையாளம் உண்டு: நாள் ஏற ஏறக் கூடும், காலைத் தூக்கி வைத்தால் குறையும்.

★ அம்மாவுக்கு இருந்ததா, அப்பாவுக்கு இருந்ததா என்று கேளுங்கள். 1994இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வின்படி இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 90 வீதம். ஒருவருக்கு மட்டுமென்றால் மகளுக்கு 62, மகனுக்கு 25. இருவருக்கும் இல்லாவிட்டாலும் 20.

★ கால் மேல் கால் போட்டு இருந்தால் நாளம் புடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பெரியவர்கள் முன்னால் அப்படி இருக்கக்கூடாது என்பதற்கு வேறு காரணம் தேடுங்கள்.

★ வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாயின் உடம்பில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய அரைப்பங்கு கூடுகிறது. புரொஜெஸ்தரோன் நாளச் சுவரைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை இடுப்பு நாளங்களை அமத்துகிறது. புடைப்பு வருவதில் அதிசயம் இல்லை. பிள்ளை பிறந்து சில மாதங்களில் பெரும்பாலும் வற்றிவிடும். ஆகவே பிரசவத்துக்கு முன் சத்திரசிகிச்சை செய்வதில்லை. இடப்பக்கம் சரிந்து படுப்பதும், காலைத் தலையணையில் உயர்த்தி வைப்பதும், காலுறையும்தான். அடுத்தடுத்த பிள்ளைகளோடு இது கூடிக்கொண்டு போகலாம். பத்தியம் என்று தாயைக் கட்டிலிலேயே வைத்திருக்கும் அம்மம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான வாரங்களில் காலில் இரத்தம் கட்டும் ஆபத்து கூடுதல். வீட்டுக்குள்ளேயாவது அவளை நடக்க விடுங்கள்.

★ வலக்காலைவிட இடக்கால் அதிகம் வீங்குவதற்கு உடலமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. இடுப்பில் வலப்பக்க நாடி, இடப்பக்க நாளத்தின் மேல் குறுக்கே ஏறிப் போகிறது. முதுகெலும்புக்கும் நாடிக்கும் இடையில் நாளம் நசுங்குகிறது. மே, தேனர் என்ற இருவர் 1957இல் இதை விளக்கி எழுதினார்கள். கர்ப்பிணிகளுக்கு இரத்தக்கட்டி பெரும்பாலும் இடக்காலில் வருவதும் இதனால்தான்.

★ கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே ஒருவர் தன் நாளம் புடைத்த காலுக்காகக் கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறார். பெரிய கால் ஒன்றைக் கையில் பிடித்து நிற்கும் அவருடைய கற்சிற்பம் ஏதென்ஸ் தேசிய தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலின் உட்பக்கமாக ஓடும் புடைத்த நாளத்தைச் சிற்பி விட்டுவிடவில்லை.

★ உரோமத் தளபதி மாரியஸ் இரண்டு கால்களிலும் நாளப் புடைப்பு உள்ளவர். மயக்கமருந்து இல்லாத காலம். நோயாளியைக் கட்டிவைத்து வெட்டுவதுதான் வழக்கம். கட்டவேண்டாம் என்று சொல்லி ஒரு காலை நீட்டினார், முகம் சுளிக்காமல் இருந்தார். வைத்தியர் மற்றக் காலுக்கு வந்தபோது, கிடைக்கும் பலன் இந்த வேதனைக்கு ஈடில்லை என்று மறுத்துவிட்டார் என்கிறார் புளூட்டார்க். வைத்தியம் தேவையா இல்லையா என்று நோயாளி கணக்குப் பார்த்து முடிவெடுத்த பழைய சம்பவங்களில் இது ஒன்று.

★ மானிப்பாயில் ஒரு அமெரிக்கர் இந்த நாளங்களையெல்லாம் தமிழில் படிப்பித்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் வைத்தியர். முதலில் ஆங்கிலத்தில் வைத்தியம் படிப்பித்தவர், 1860களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். சத்திரசிகிச்சைக்கு 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது. உடற்கூற்றுக்கு 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல். லண்டனில் அதன் மூலமான ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல் முதற்பதிப்புக் கண்டது 1858. பதினான்கு வருடத்தில் அது எங்கள் மாணவர் கையில் தமிழில் இருந்தது. இன்று நீங்கள் வாங்கும் காலுறைப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் துண்டுப்பிரசுரத்தில் தமிழைத் தேடிப் பாருங்கள்.

★ "நரம்பை உருவுவினம்" என்ற பயத்தில் வருடக்கணக்காக வைத்தியசாலைப் பக்கம் போகாதவர்கள் உண்டு. பயம் பழைய காலத்தது. நாளத்துக்குள் கம்பியைச் செலுத்தி உருவி எடுக்கும் முறையை அமெரிக்கரான பப்கொக் 1907இல் எழுதினார். நூறு வருடம் அதுதான் கோலோச்சியது. இப்போது நாளத்தை உருவாமல் உள்ளேயே அடைத்துவிட வழிகள் உண்டு. மெல்லிய இழையை நாளத்துக்குள் விட்டு லேசராலோ ரேடியோ அலைச் சூட்டாலோ சுவரைச் சுருங்க வைப்பது ஒன்று. மருந்தை நுரையாக அடித்து ஊசியால் ஏற்றுவது இன்னொன்று. இத்தாலியரான தெசாரி அந்த நுரைக்குப் பயன்படுத்தியவை இரண்டு ஊசிக்குழல்களும் ஒரு மூவழித் திருகும்தான். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் விறைக்க வைத்துச் செய்வார்கள். அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். பிரித்தானியாவின் 2013 வழிகாட்டி முதலில் சூட்டு முறை, அது சரிவராவிட்டால் நுரை, அதுவும் முடியாவிட்டால் வெட்டு என்று வரிசை சொன்னது. எந்த முறை செய்தாலும் சில வருடம் கழித்து வேறு நாளம் புடைக்கலாம். "இனி ஆயுளுக்கும் வராது" என்று உறுதி தருபவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

★ எண்ணெய் பூசினால், பத்துப் போட்டால், அட்டை விட்டால் கெட்ட இதழ் திருந்துமா? திருந்தாது. சுகமாக இருக்கலாம், அது வேறு. புடைத்த நாளத்தின் மேல் அழுத்தி உருவுவதும், வீங்கிய காலுக்குச் சூடாக ஒத்தடம் கொடுப்பதும் நல்லதல்ல. சூடு நாளத்தை இன்னும் விரிக்கும்.

★ இனி இந்தப் பத்தியின் முக்கியமான துண்டு. நாளத்தைப் பார்ப்பதை விடுங்கள். கணுக்காலுக்கு மேலே, உட்பக்கத்துத் தோலைப் பாருங்கள். அந்த நாலு விரல் இடம்தான் காலின் ஜாதகம். முதலில் அங்கே கடி வரும். படை என்று நினைத்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசுவார்கள். பிறகு கபில நிறமோ கறுப்போ படியும். நாளத்திலிருந்து கசிந்த செங்குருதிக் கலங்கள் உடைந்து, அவற்றின் இரும்பு தோலில் தங்கிவிட்ட கறை அது, சவர்க்காரத்தால் போகாது. பிறகு தோல் பலகை போல இறுகும். அதற்குப் பிறகு ஒரு நாள் சைக்கிள் பெடல் தட்டியோ நுளம்பு கடித்துச் சொறிந்தோ சின்னக் காயம் வரும். அது ஆறாது. மாதங்கள் போகும், சிலருக்கு வருடங்கள் போகும்.

நீரிழிவுப் புண் பெரும்பாலும் உள்ளங்காலிலும் விரலிலும் வரும், நோவு தெரியாது. நாளப் புண் கணுக்காலுக்கு மேலே, உட்பக்கம், ஆழமில்லாமல் அகலமாக, நீர் கசிந்தபடி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. நாளப் புண்ணை ஆற்றுவது களிம்பல்ல, அழுத்திச் சுற்றும் பன்டேஜ். புண் ஆறட்டும், பிறகு நாளத்தைப் பார்க்கலாம் என்பதுதான் முந்தைய பழக்கம். 450 பேரைக் கொண்டு பிரித்தானியாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு அதை மாற்றிவிட்டது. பன்டேஜோடு சேர்த்து இரண்டு வாரத்துக்குள் நாளத்தையும் அடைத்தவர்களுக்குப் புண் ஆறிய இடைநிலைக் காலம் 56 நாள். காத்திருந்தவர்களுக்கு 82 நாள்.

★ கால் வீக்கமெல்லாம் யானைக்காலும் அல்ல. இலங்கையில் அந்த நோய் மேற்கு, தெற்கு, வடமேல் மாகாணங்களின் எட்டு மாவட்டங்களில் இருந்தது. யாழ்ப்பாணம் அதில் இல்லை. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை அதை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் நாளத்தை விட்டு இதயம், சிறுநீரகம், ஈரல் பக்கம் பார்ப்பார்கள்.

★ புடைத்த நாளம் சில வேளை வெடிக்கும். கிணற்றடியில் குளிக்கும்போதோ, துவாயால் துடைக்கும்போதோ, கணுக்காலடியில் நீலக் கொப்புளம் போல இருந்த இடத்திலிருந்து இரத்தம் பீறிடும். நோவே இருக்காது. நின்றுகொண்டு பதறினால் இரத்தம் நிற்காது. உயிர் போன சம்பவங்களும் உண்டு. செய்யவேண்டியது மிகச் சுலபம். அந்த இடத்திலேயே படுங்கள். காலை நெஞ்சுக்கு மேலே உயரத் தூக்குங்கள். சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கயிறு கட்டவேண்டாம். கோப்பித்தூள் போடவே வேண்டாம். நின்றபிறகு சுற்றிக் கட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். நிற்காவிட்டால் 1990. சுவசெரிய அம்புலன்ஸ் வடக்கில் 2018 ஜூலையிலிருந்து ஓடுகிறது, காசு இல்லை.

★ ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டை நொந்து, சூடாக இருந்தால் அது புடைப்பு விஷயமல்ல. ஆழத்து நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம். அந்தக் கட்டி கழன்று நெஞ்சுக்குப் போனால் மூச்சுத் திணறலும் நெஞ்சு நோவும் வரும். நாளை காட்டலாம் என்று விடக்கூடாது. அந்தக் காலைத் தேய்க்கவும் கூடாது.

★ நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இரத்தம் கட்டும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. விமானம், பஸ், ரயில், கார் எல்லாம் ஒன்றே. ஆனாலும் ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான். பயந்து பயணத்தை நிறுத்தவேண்டியதில்லை. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போவோர் தேநீருக்கு நிறுத்தும் இடத்தில் நித்திரையைச் சாட்டாமல் இறங்கி நாலடி நடவுங்கள். யாழ்தேவியில் போனால் பெட்டிக்குள்ளேயே நடக்கலாம். குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை குடிப்பவர், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர், முன்பு இரத்தம் கட்டியவர் புறப்படுமுன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

★ எரிபொருள் தடையிருந்த தொண்ணூறுகளில் குடாநாடே சைக்கிளில் ஓடியது. விருப்பத்தோடு அல்ல. ஆனால் மேடு பள்ளமில்லாத இந்த மண்ணில் சைக்கிளைவிடக் கெண்டைத்தசைக்கு வாய்ப்பான பயிற்சி எதுவுமில்லை. கூப்பிடு தூரத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிளை முறுக்குபவர்கள் யோசிக்கலாம்.

★ நாளப் புடைப்புக்கான ஸ்கானை நிற்க வைத்துத்தான் எடுப்பார்கள். படுத்தால் இரத்தம் வடிந்து, கசியும் இதழ் அகப்படாமல் போய்விடும். அதனால் வைத்தியரிடம் காட்டப் போகும் நாளில் காலை உயர்த்திப் படுத்து வீக்கத்தை வற்றவைத்துவிட்டுப் போகாதீர்கள். கறை தெரியாமல் இருக்கப் பவுடர், களிம்பு எதுவும் பூசாதீர்கள். தொடை வரை உயர்த்தக்கூடிய தளர்ந்த உடுப்போடு போங்கள். குடிக்கும் மாத்திரைகளின் அட்டைகளை எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் வேறு யாருக்கு இருந்தது, முன்பு கால் எப்போதாவது திடீரென்று வீங்கியதா, எத்தனை மணி நேரம் நிற்கும் வேலை என்பதையெல்லாம் கேட்குமுன்பே சொல்லுங்கள். கணுக்காலுக்கு மேலே தோல் நிறம் மாறியிருந்தால், அடுத்த கிளினிக் நாளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.